முதிய தந்தையும் விடுபட்ட தாயும்

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டு இப்போது கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டா பிறந்தது 1939 என்று பள்ளிச் சான்றிதழ் சொல்கிறது. பாட்டாவின் தகப்பனாராகிய பூட்டன் பிறந்த காலம் ஒரு பழைய கணக்கு நோட்டில் "48 மிதுனம்" என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. உறவினர் ஒருவர் அதை 1848 என்று கொண்டு, 91 வயதில் பிள்ளை பிறந்திருக்க முடியாது, ஆகவே நடுவில் ஒரு தலைமுறை விடுபட்டிருக்கிறது என்று முடிவு செய்து, பெயர் தெரியாத ஒருவரைக் கொடிவழிப் படத்தில் இடையே சேர்த்துவிட்டார். வீட்டுப் பெரியவர்களோ, பூட்டனின் மனைவியாகிய சின்னாச்சிக்குப் பாட்டா பிறந்தபோதே பூட்டனுக்கு நரைத்துப் பல் விழுந்திருந்தது என்றுதான் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். இதில் எது சரி என்பது கேள்வி.

பெரியவர்கள் சொல்வதே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த 48 கிறிஸ்து ஆண்டு அன்று, மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு 1048. மிதுனம் நமது ஆனி மாதம். ஆகவே பூட்டன் பிறந்தது 1873 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள். பாட்டா பிறக்கும்போது அவருக்கு 65 அல்லது 66 வயது. 91 என்பது ஏறக்குறைய நடக்க முடியாதது. 66 என்பது நடக்கக்கூடியது, நடந்தும் இருக்கிறது. எனினும் நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. அதை மெய்ப்பிக்கும் வழிகளைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லைப் பகுதியில் பல ஆண்டுகள் ஆதாரம் எழுதும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதைப் போன்ற குழப்பங்கள் என் மேசைக்குப் பலமுறை வந்திருக்கின்றன. (பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றே சொல்வது வழக்கம்.)

முதலில் இயற்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். பெண்ணுக்கு 45 வயதுக்கு மேல் இயல்பாகக் கருத்தரிப்பது மிக அரிது. மாதவிடாய் நின்றபின் இல்லவே இல்லை. ஆணுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. விந்தணு உற்பத்தி வயதோடு குறைந்தாலும் நின்றுவிடுவதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1841 முதல் 1845 வரை இருந்த ஜான் டைலர் 1790 இல் பிறந்தவர். அவருடைய மகன் லயன் கார்டினர் டைலர் பிறந்தது 1853. தந்தைக்கு அப்போது 63 வயது. அந்த மகனுக்கு 1928 இல், 75 வயதில், ஹாரிசன் ரஃபின் டைலர் என்ற மகன் பிறந்தார். ஹாரிசன் காலமானது 2025 இல். பாட்டன், மகன், பேரன் என்ற மூன்றே ஆட்கள் 1790 முதல் 2025 வரையிலான காலத்தைத் தாங்கி நின்றிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் இரண்டு முறையும் நடந்தது ஒன்றே: முதல் மனைவி இறந்தார், வயதில் மிக இளைய பெண்ணை மறுமணம் செய்துகொண்டார்கள், அந்த மணத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். நம் நாட்டில் காந்தியடிகளின் தந்தை கரம்சந்த் காந்தி நான்காவது மணம் செய்தபோது நாற்பதைக் கடந்திருந்தார் என்று காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த நான்காவது மனைவியான புத்லிபாயின் கடைசி மகன்தான் காந்தி.

ஆக, முதிய தந்தை என்பது நம்ப முடியாத செய்தி அன்று. ஆனால் கொடிவழி எழுதுகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். மெய்யான முதிய தந்தையை நம்பாமல் இல்லாத தலைமுறையை நடுவில் புகுத்துவது ஒன்று. ஆண்டுக் கணக்கிலோ பெயரிலோ ஏமாந்து, இருவரை ஒருவராக்கி, இல்லாத முதிய தந்தையை உண்டாக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் நம் பகுதியில் தனிப்பட்ட காரணங்கள் உண்டு.

முதல் காரணம் ஆண்டுக் கணக்கு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தன. செங்கோட்டைப் பகுதியும் அன்றே வந்தது. அதற்கு முந்தைய ஆதாரம், சாதகம், கரம் (நிலவரி) ரசீது, பற்றுவரவு நோட்டு எல்லாவற்றிலும் பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது ஆவணி முதல் நாள், அதாவது மலையாளக் கணக்கில் சிங்கம் 1, ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரையுள்ள நாள்களுக்கு 824 ஐயும், ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் நடுவரை 825 ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். இதில் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நம் முன்னோர் நூற்றாண்டைச் சொல்லாமல் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்லும் பழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். கேரளத்தையே மூழ்கடித்த 1924 ஜூலை வெள்ளத்தை இன்றும் "தொண்ணூற்றொன்பதில் வந்த வெள்ளம்" என்றே சொல்கிறார்கள், அது 1099. அந்த வழக்கம் அறியாத பேரன் "75 இல் பிறந்தவர்" என்று படிக்கும்போது 1875 என்று எழுதிவிடுகிறான். உண்மையில் அது 1075, அதாவது 1899 அல்லது 1900. ஒரே ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் தகப்பனாருக்கு இருபத்தைந்து வயது கூடிவிடுகிறது. 40 வயதில் பிள்ளை பெற்றவர் 65 வயதில் பெற்றவராகிறார். உங்கள் பூட்டனின் 66 வயதை 91 ஆக்கியதும் இதே பிழைதான்.

இரண்டாவது பொறி அறுபது ஆண்டுச் சுழற்சி. எல்லைக்கு இப்பால் திருநெல்வேலிப் பக்கத்திலும், சாதக ஓலைகளில் எல்லா இடத்திலும், பிரபவ முதலான ஆண்டுப் பெயர்கள் இருக்கும். உங்கள் பூட்டனின் சாதகம் கிடைத்தால் அதில் "ஸ்ரீமுக ஆண்டு ஆனி மாதம்" என்று இருக்க வேண்டும்; 1873 ஏப்ரலில் தொடங்கியது ஸ்ரீமுக ஆண்டு. ஆனால் 1813 இல் தொடங்கியதும் ஸ்ரீமுக, 1933 இல் தொடங்கியதும் ஸ்ரீமுக. தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்றால் 1876 ஐக் குறிக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பஞ்சம் அடையாளம் காட்டுகிறது. பஞ்சமோ வெள்ளமோ குறிக்கப்படாத வெறும் "தாது ஆண்டு" 1936 ஆகவும் இருக்கலாம். கொடிவழியில் தகப்பனுக்கும் மகனுக்கும் 80, 85 ஆண்டு இடைவெளி தெரியுமானால், 20 அல்லது 25 ஆண்டு இடைவெளியில் 60 தவறாகச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாதகக் கட்டத்தைக் கொண்டு இதைத் தீர்க்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். ஆனால் எந்தக் கிரகத்தைப் பார்ப்பது என்பதில் தவறிவிடுகிறார்கள். வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டில் ஒருமுறை சுற்றுகிறது, சனி ஏறக்குறைய 29½ ஆண்டில் சுற்றுகிறது. அறுபது ஆண்டில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, இரண்டும் புறப்பட்ட இடத்துக்கு அருகே வந்து நிற்கும். அறுபது ஆண்டுச் சுழற்சிக்கே அடிப்படை அதுதான். ஆகவே அவ்விரண்டையும் பார்த்தால் 1873 க்கும் 1933 க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பார்க்க வேண்டியது ராகுவை. ராகு சுற்றி வர 18.6 ஆண்டு ஆகும். அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடிந்து ஏறக்குறைய மூன்று ராசி விலகி நிற்கும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மாதத்தையும் ராகு நிற்கும் இராசியையும் சொன்னால், எந்தச் சுழற்சி என்பதைச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். சோதிடப் பலனில் நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இது வெறும் வானக் கணக்கு.

அடுத்தது பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. ஆகவே ஒரே குடும்பத்தில் ஒரே இரண்டு பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக நூறு ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டிருக்கும். 1070 இல் எழுதிய ஆதாரத்தில் வரும் ஆறுமுகத்தையும் 1125 இல் எழுதிய ஆதாரத்தில் வரும் ஆறுமுகத்தையும் ஒரே ஆள் என்று கொண்டால், அவர் எழுபது வயதில் பிள்ளை பெற்றவர் ஆகிவிடுவார். பெயரை மட்டும் பார்க்காதீர்கள்; "இன்னார் மகன்" என்ற தந்தை பெயரையும், வீட்டுப் பெயரையும், நிலத்தின் நான்கெல்லையையும் சேர்த்துப் பாருங்கள். ஆள் மாறினாலும் அடுத்த விளைக்காரரின் (பக்கத்து நிலத்துக்காரரின்) பெயர் அவ்வளவு விரைவில் மாறாது.

நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அவர்களிடம் மருமக்கள்வழி முறை இருந்தது. குடும்பச் சொத்து, குடும்பத் தலைவராகிய காரணவருக்குப் பின் அவருடைய மக்களுக்குப் போகாமல் சகோதரியின் மக்களுக்குப் போயிற்று. பழைய ஆவணங்களில் குடும்பத் தலைவராக முதலில் நிற்கும் முதியவர் அங்கே தந்தை அல்லர், தாய்மாமன். அவருடைய பெயருக்குக் கீழே ஐந்து வயதுப் பையனின் பெயரைப் பார்த்துவிட்டு, எழுபது வயதில் பிறந்த மகன் என்று எழுதிவிடக்கூடாது. அந்த முறை 1101 ஆம் ஆண்டு, அதாவது 1926 இல் இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகே மாறத் தொடங்கியது. அதே சமயம், அங்கே மெய்யான முதிய தந்தையரும் நிறைய இருந்தார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மருமக்கள்வழியின் கொடுமையைப் பாடிய மான்மியத்தில் கதையைச் சொல்பவளே ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவிதான். அவளைப் போன்ற பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் சிறிது சொத்து கிடைத்தது. உகந்துடைமை பற்றிய ஆவணம் கையில் கிடைத்தால் அதைப் போற்றி வையுங்கள். மருமக்கள்வழிக் குடும்பத்தில் தந்தைக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவை நேராகச் சொல்லும் ஏடு அது.

தத்து எடுப்பதும் உண்டு. ஆண் வாரிசில்லாத முதியவர் தம்பி மகனையோ மகள் வயிற்றுப் பேரனையோ சுவீகாரம் எடுத்துக்கொண்டால், முதல் ஆவணத்தில் "சுவீகார புத்திரன்" என்று இருக்கும். அடுத்தடுத்த ஆவணங்களில் வெறும் "மகன்" என்று சுருங்கிவிடும். முதல் ஆவணத்தைத் தேடாமல் முடிவு செய்யாதீர்கள்.

இத்தனையும் கடந்து, தந்தை மெய்யாகவே முதியவர்தான் என்று தோன்றினால், அதன்பின் தேட வேண்டியது தந்தையை அன்று, தாயை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். 66 வயதில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது என்றால் அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு 45 க்குக் கீழே வயது. இருவருக்கும் இடையே குறைந்தது இருபது ஆண்டு. ஆண்கள் இருபது, இருபத்தைந்து வயதில் மணம் செய்துகொள்ளும் ஊரில், இந்தப் பெண் அவருடைய முதல் மனைவியாக இருக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு முதிய தந்தைக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பெண் மறைந்து நிற்கிறாள். பேறுகாலத்தில் இறந்தவள், காலரா வந்த ஆண்டில் இறந்தவள், பிள்ளை இல்லை என்று ஒதுக்கப்பட்டவள். கொடிவழிப் படத்தில் அவளுக்கு இடம் இருக்காது, ஏனென்றால் படம் வரைகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது மனைவியின் வழியில் வந்தவர்கள்.

உங்கள் கடிதத்திலேயே அவளுடைய சுவடு இருக்கிறது. பூட்டனின் மனைவியைப் பெரியவர்கள் "சின்னாச்சி" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன ஆச்சி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் பெரிய ஆச்சி என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் இந்தச் சொற்கள் வீணாக வருவதில்லை. சின்னம்மை, இளையாள், இளையகுடி என்ற சொல் எங்கே கேட்டாலும், மூத்தவள் யார் என்று உடனே கேளுங்கள். பெரியவர்களிடம் "பூட்டனுக்கு எத்தனை மனைவி" என்று கேட்டால் சங்கடப்பட்டு மழுப்புவார்கள். "சின்னாச்சியின் பிறந்த வீடு எது, மூத்தவரின் பிறந்த வீடு எது" என்று கேட்டால் தாமாகவே சொல்வார்கள். சில வீடுகளில் இரண்டு பிறந்த வீடும் ஒன்றாகவே இருக்கும்; அக்காள் இறந்தபின், விட்டுச்சென்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, கொழுந்தியாளையே மணம் செய்து வைப்பது வழக்கமாக இருந்தது.

மறுமணம் தவிர வேறு காரணங்களும் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கும், பீர்மேடு தேவிகுளம் மலைகளுக்கும், மலேயாவுக்கும் போனவர்கள் பலர் தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, கடனை அடைத்து, நாற்பதுக்கு மேல்தான் ஊருக்குத் திரும்பி மணம் செய்தார்கள். அப்படிப்பட்டவருக்கு ஐம்பதில் கடைசிப் பிள்ளை பிறப்பது இயல்பு. பிறந்த பிள்ளைகள் வரிசையாக இறந்து, நேர்ந்துகொண்டு, கடைசியில் ஒன்று தங்கிய வீடுகளும் உண்டு. அங்கே தந்தைக்கும் தங்கிய பிள்ளைக்கும் இடையிலுள்ள நீண்ட காலம் முழுவதும் இறந்த குழந்தைகளால் நிறைந்தது. ஆனால் அறுபதைக் கடந்த தந்தை என்றால், என் அனுபவத்தில், மறுமணமே காரணம்.

சான்று எங்கே தேடுவது? என் தொழிலைச் சேர்ந்ததால் இதை முதலில் சொல்கிறேன்: பாகப் பத்திரம். வயது முதிர்ந்து இரண்டு தாரத்துப் பிள்ளைகளையும் உடைய எந்தத் தகப்பனும், தாம் கண்ணை மூடியபின் மூத்த தாரத்து மக்கள் சின்னப் பிள்ளைகளை ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவார்களோ என்று அஞ்சுவார். அதனால் தாம் இருக்கும்போதே பாகம் வைப்பார். அந்த ஆதாரத்தில் ஒவ்வொருவருடைய வயதும் இருக்கும்; மைனர் பிள்ளைக்குத் தாய் கார்டியனாக நிற்பாள்; "என் முதல் பாரியாள் வகையில்", "இரண்டாம் பாரியாள் வகையில்" என்று தெளிவாக எழுதியிருக்கும். உங்கள் வீட்டில் 1118 ஆம் ஆண்டு பாகப் பத்திரம் ஒன்று இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1118 என்றால் 1942 ஆகஸ்ட் முதல் 1943 ஆகஸ்ட் வரை. பூட்டனுக்கு 69 அல்லது 70, பாட்டாவுக்கு இரண்டு முதல் நான்கு. ஆதாரத்தில் பூட்டனின் வயது 70 என்றும் மைனர் மகனின் வயது 4 என்றும் இருந்துவிட்டால், தந்தையே கையொப்பமிட்டு மகன் என்று ஒப்புக்கொண்ட சான்று அது. அதற்குமேல் நடுவில் ஒரு தலைமுறைக்கு இடமில்லை. வீட்டுப் பிரதி கரையான் அரித்துப் போயிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். பதிவு மலையாளத்தில் இருக்கக்கூடும். அதைப் படிக்க உங்கள் இப்போதைய ஊரிலேயே ஆள் கிடைப்பார்கள்.

ஒரு கவனம் வேண்டும். ஆதாரங்களில் எழுதும் வயது உத்தேசமானது. எழுதுகிறவர் முகத்தைப் பார்த்து 40, 45, 60 என்று எழுதிவிடுவார். ஒரே ஆள் 1080 இல் 40 வயதினராகவும், பதினைந்து ஆண்டு கழித்து 1095 இல் 48 வயதினராகவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே ஒரே ஆதாரத்தை நம்பாமல், கிடைக்கும் எல்லா ஆதாரங்களிலும் உள்ள வயதை ஆண்டோடு சேர்த்து எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை எந்த ஐந்தாண்டுக்குள் விழுகின்றனவோ அதை ஏற்றுக்கொள்ளலாம். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியும் இப்படித்தான். சேர்க்கைக்கு வயது போதவில்லை என்றால் ஓராண்டு கூட்டிக் கொடுப்பது எங்கும் நடந்தது. ஆனால் இதெல்லாம் ஓரிரு ஆண்டுப் பிழை. தலைமுறையை மாற்றும் பிழை அன்று.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் வேலை எளிது. கோட்டாறு முதலிய பழைய கத்தோலிக்கப் பங்குகளிலும், 1806 இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் வளர்ந்த லண்டன் மிஷன் சபைகளிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடுகள் வைத்தார்கள். திருமணப் பதிவில் மணமகன் மனைவியை இழந்தவரா என்ற குறிப்பு இருக்கும். அந்த ஒரு சொல் முதல் மனைவியைத் தேடு என்று நமக்குச் சொல்கிறது. பிறகு அடக்கப் பதிவேட்டில் அவளைத் தேடலாம்.

தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை என்ற நிலையும் வரலாம். முதிய கணவன், இளைய மனைவி என்றால் அது நடக்கக்கூடியதே. திருமண உறவு நீடிக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போதோ பிறந்த பிள்ளையை முறையான பிள்ளையாக ஏற்றது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் அதே விதி பாரதிய சாட்சிய அதினியத்தின் 116 ஆம் பிரிவில் இருக்கிறது. முதிய கணவன் என்றதும் வேறு விதமாகப் பேசும் வாய்கள் ஊரில் எப்போதும் உண்டு. சான்று இல்லாத அந்தப் பேச்சை எழுத்தில் ஏற்றி, பதில் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் மேல் பழி போடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஐயம் தீர வேண்டுமானால், மூத்த தாரத்து மகன் வழியில் வந்த ஆணும் இளைய தாரத்து மகன் வழியில் வந்த ஆணும் ஒய் குரோமோசோம் பரிசோதனை செய்துகொள்ளலாம். தந்தை ஒருவரானால் அது இருவருக்கும் ஒத்துவரும். ஆனால் பங்காளி ஒருவர் தந்தையாக இருந்தாலும் ஒத்துத்தான் வரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

முதிய தந்தை ஒருவர் வந்துவிட்டால் கொடிவழியின் வரிசையே கலைந்துவிடும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். உங்கள் பூட்டனுக்கு இருபத்தைந்து வயதில் மூத்த தாரத்தில் ஒரு மகள் பிறந்திருந்தால் அது ஏறக்குறைய 1898. அவளுக்கு 1916 இல் ஒரு மகன் பிறந்திருந்தால், உங்கள் பாட்டா தம் மருமகனைவிட இருபத்துமூன்று வயது இளைய தாய்மாமன். நரைத்த தலையோடு ஒருவர் பத்து வயதுப் பையனை "மாமா" என்று அழைத்ததாக வீட்டில் கதை இருந்தால் அது வேடிக்கைக் கதை அன்று, மூத்த தாரம் இருந்ததற்கான சாட்சியம். அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இதோடு சேர்ந்துகொண்டால், ஒரே ஆள் தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையாகவும் தாய் வழியில் நான்காம் தலைமுறையாகவும் நிற்பார். அப்போது படத்தில் ஒரே வயதினரை ஒரே வரிசையில் நிறுத்த முயலாதீர்கள். தலைமுறை எண்ணை ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எழுதுங்கள், பிறந்த ஆண்டைக் கீழே எழுதுங்கள். இரண்டும் பொருந்தாமல் இருப்பதே உங்கள் குடும்பத்தின் உண்மை.

என் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். என் பாட்டாவின் தகப்பனாருக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தபோது 61 வயது. மூத்த மனைவி இருந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. 1918 இன் இறுதியில், கொல்லம் 1094 இல், நாடெங்கும் பரவி இளவயதினரையும் கருவுற்ற பெண்களையும் வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலில் அவள் போனாள் என்பது மட்டுமே வாய்வழிச் செய்தி. தொழிலில் இருந்த காலம் முழுவதும் மற்றவர் வீட்டு ஆதாரங்களைப் படித்த நான், ஓய்வுபெற்ற பிறகுதான் எங்கள் வீட்டு ஆதாரங்களை வரிசையாகப் படித்தேன். 1091 இல் எழுதிய ஓர் ஒற்றி (அடமான) ஆதாரத்தில், கணவரோடு சேர்ந்து அவளும் எழுதிக் கொடுத்தவளாக இருந்தாள். பெயர் இருந்தது, தந்தை பெயர் இருந்தது, வயது 28 என்று இருந்தது. இரண்டாவது மனைவி தம் மூத்த மகளுக்கு அந்தப் பெயரைத்தான் இட்டிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அத்தைப் பாட்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே உங்கள் படத்தில் நடுவே சேர்த்திருக்கும் பெயரில்லாதவரை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், பூட்டனுக்குப் பக்கத்தில், சின்னாச்சிக்கு முன்பாக, ஒரு பெண்ணுக்கு இடம் விட்டு வையுங்கள். 1118 பாகப் பத்திரத்தின் நகலை வாங்கி முதல் பக்கத்தில் கட்சிக்காரர்களின் வரிசையைப் படியுங்கள். பிறகு அதில் முன் ஆதாரமாகக் குறித்திருக்கும் எண்களைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய ஒற்றி, விலை ஆதாரங்களுக்குப் போங்கள். நகல் கைக்கு வந்ததும் எழுத்துப் புரியாத பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். சின்னாச்சியின் மூத்த மகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதையும் அப்போது மறக்காமல் எழுதுங்கள்.